நானே கட்டியதாகச் சொல்லிக்கொள்ளும் வீடு

எங்கள் தெருவில் கதவு எண்ணைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "தானே வூடு கட்டுனாரே, அவரு வூடு" என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை நீட்டிக் காட்டும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், ரேஷன் கார்டு சரிபார்க்க வந்தவர், பங்குக் கோயிலில் இருந்து நோட்டீஸ் கொண்டு வருகிற பெண்கள், எல்லோருக்கும் அதுதான் அடையாளம். அந்தப் பேரைத் தெருவுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். டீக்கடை, கம்பெனி, கோயில் வாசல், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என்று ஒரு இடம் விடவில்லை. இப்போது யாராவது அப்படிச் சொன்னால் எனக்குக் காது சுடுகிறது. ஏன் என்பதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வீடு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட்டு. ஒரு மூலையில் அடுப்பு, எதிர் மூலையில் பீரோ, நடுவில் நாங்கள். பாய் விரித்துவிட்டால் கதவைத் திறக்க யாராவது ஒருவர் எழுந்து நிற்க வேண்டும்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி, இறுகினதும் பக்குவமாக எடுத்து, தட்டில் அடுக்கிக் காயவைப்பேன். மாசத்தில் பாதி நாள் கரண்டு பெட்டிக்குப் பீஸ் கட்டை, கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு, இடையில் பொம்மைகள். காயவைப்பதில் நான் கெட்டிக்காரன். அதை நானே சொல்லிக்கொள்ளவில்லை, மேஸ்திரியே சொல்வார். பச்சையாக இருக்கிற பொருளை வெயிலில் வைத்தால் வெடிக்கும். வேகமான காற்றில் வைத்தால் கோணும். பாதி காய்ந்ததில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சூளைக்குள் போனதும் விரிசல் விடும். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஈரக் கையோடு தட்டுப் பக்கம் வந்தால் நான் கத்துகிற கத்தல் பக்கத்துக் கம்பெனிக்குக் கேட்கும்.

என் மனைவியின் அண்ணன் கொத்தனார். கருவேப்பிலங்குறிச்சியில் வீடு. சுற்றுவட்டாரத்தில் அவர் சுவர் வைத்தால் நூல் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை என்பார்கள். என்னைவிடப் பத்து வயது பெரியவர். பேசினால் கேலி இல்லாமல் பேசமாட்டார். எங்கள் கல்யாணம் முடிந்து பெண் வீட்டில் கறி விருந்து நடந்தபோது, பந்தியில் எல்லோர் முன்னாலும், "எங்க மாப்ள லேசுப்பட்ட ஆளு இல்ல, பொம்மைக்குக் கண்ணு மூக்கு வெக்கிறவரு" என்று சொல்லி என் இலையில் இன்னொரு கரண்டி கறி வைத்தார். பந்தியே சிரித்தது. மச்சான் மாப்பிள்ளைக்குள் இதெல்லாம் சகஜம். நானும் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். எனக்கு அப்படி ஒரு கெட்ட குணம். கோபம் வந்தால் கொட்டிவிடுகிற ஆள் பரவாயில்லை. நான் ஊறப்போடுகிறவன்.

என் அப்பா பிரித்துக் கொடுத்த ஒன்றரை சென்ட் மனை ஊர் ஓரத்தில் சும்மா கிடந்தது. என் மனைவி முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். வாடகைக்கு இருந்த இடத்தில் மழை வந்தால் பாத்திரம் வைத்து ஏந்த வேண்டும். பிள்ளை பிறப்பதற்குள் ஒரு ரூமாவது போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். அவள் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். மறுநாளே அவர் மொபெட்டில் வந்து இறங்கினார். கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் பையில் இருந்தன.

"பதினஞ்சு நாளு குடுங்க மாப்ள. சாவிய கையில குடுத்துடறேன்" என்றார்.

"வேணாங்க மச்சான். நானே கட்டிக்கறேன்."

"கட்டலாந்தான். ஆனா ஒங்களுக்கு எதுக்கு இந்த வேல? நான் இருக்கறேன்ல?"

"பொம்ம செய்யற கைதானே, செவுரு நிக்குதா பாக்கலாம்" என்றேன்.

இரண்டு வருஷமாக ஊறப்போட்டது அன்றைக்கு வெளியே வந்தது. அவருக்கு உடனே விளங்கவில்லை. யோசித்துப் பார்த்து, விளங்கியதும், அந்தக் கறுத்த முகம் இன்னும் கறுத்தது. பையிலிருந்து தூக்குக்குண்டை மட்டும் எடுத்துத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டக் கிளம்பினேன்.

வேலை தெரியாதவன் இல்லை நான், அதையும் சொல்ல வேண்டும். காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை கம்பெனி. மூன்று மணிக்கு மனைக்கு வந்தால் இருட்டும் வரை வேலை. கம்பெனிக்குப் பின்னால் குவிந்து கிடந்த பீங்கான் ஒடசலை டெம்போவில் அள்ளி வந்து அஸ்திவாரத்தில் கொட்டினேன். கை போன பொம்மை, வாய் உடைந்த விளக்கு, கோணின பீஸ் கட்டை எல்லாம் இன்றைக்கும் எங்கள் காலுக்குக் கீழேதான் இருக்கின்றன. விருத்தாசலத்தில் பாதி வீட்டுக்கு அஸ்திவாரம் இதுதான். அதன்மேல் கல் வைத்து, நாலு பக்கமும் மார் உயரத்துக்குச் சுவர் எழுப்பினேன். வரிசை கொஞ்சம் ஏறி இறங்கித்தான் இருந்தது. சாந்து சில இடத்தில் ஒரு விரல் கனம், சில இடத்தில் மூன்று விரல். தெற்குச் சுவரில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கல் பல் நீட்டின மாதிரி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்க அடங்கவில்லை. வேலை முடிந்ததும் நாலடி தள்ளி நின்று பீடி பிடித்துக்கொண்டே பார்ப்பேன்.

தப்பு இங்கேதான். சுவருக்கு நான் தண்ணீர் ஊற்றவில்லை.

சிமெண்டுச் சாந்துக்குத் தண்ணீர்தான் உயிர். காலையும் மாலையும் சுவரை நனைத்துக்கொண்டே இருந்தால்தான் அது இறுகும். இது வீடு கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் என் கைக்குத் தெரிந்தது வேறு. பச்சையில் தண்ணீர் பட்டால் வெடிக்கும், அவ்வளவுதான் என் கைக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சித்திரை வெயிலுக்குச் சுவர் சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாது என்று நனைக்காத சாக்கை மேலே போட்டு மூடினேன், கம்பெனியில் பொம்மைத் தட்டை மூடுகிற மாதிரி. நிழலில் நிதானமாகக் காயட்டும் என்று.

ஒருநாள் நான் வரும்போது என் மனைவி ஒரு குடம் தண்ணீரைச் சுவர்மேல் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஏழு மாச வயிற்றோடு அடிபம்பில் இருந்து இடுப்பில் தூக்கி வந்த தண்ணீர். நான் ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்கினேன்.

"அறிவு இருக்குதா ஒனக்கு? பச்சையில தண்ணி பட்டா வெடிச்சுப் பூடும்."

"அண்ணன் ஊத்துவாங்களே. சின்னதுலேர்ந்து பாத்திருக்கறேன்."

"ஒங்க அண்ணனுக்கு மண்ணப் பத்தி இன்னா தெரியும்? தெனம் மண்ணோட பொழைக்கறவன் நான்."

எதிர் வீட்டு அக்கா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு குடத்தை வாங்கிப் போனாள். அவள் நடந்து போனதை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து அந்த வழியாகப் போன அவள் அண்ணன் வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. வண்டியில் இருந்தபடியே, "மாப்ள, செவுரு வெளுத்துப் போய் இருக்குது. காயக் கூடாது, தண்ணி குடிக்கணும். ஊத்துங்க" என்றார். கேலி இல்லை, குத்தல் இல்லை. "பாத்துக்கறேன்" என்றேன், முகத்தைப் பார்க்காமல்.

அந்த வாரமே கம்பெனிக்குப் பெரிய ஆர்டர் வந்தது. ஒன்பது நாள் இரண்டு ஷிப்ட். விடியுமுன் போய் இருட்டின பிறகு திரும்புவேன். மனைப் பக்கம் போகவே முடியவில்லை. பத்தாம் நாள் மூன்று மணிக்குப் போனேன். சுவர் அப்படியே நின்றது. துருத்திய கல்கூட அதே இடத்தில் இருந்தது. தெற்குச் சுவரில் கட்டைவிரல் நகத்தால் சாந்தைக் கீறிப் பார்த்தேன். நகம்தான் தேய்ந்தது, சாந்து உதிரவில்லை. அடிப்பக்கம் லேசாக ஈரம் இருந்தது. அதற்கு அவளைக் கூப்பிட்டு முதலில் ஒரு ஏச்சு ஏசினேன். அப்புறம் அவள் விரலைப் பிடித்து இழுத்து அந்தச் சாந்தில் வைத்து அழுத்தினேன்.

"பாத்தியா, தண்ணி ஊத்தாமலே எப்படி எறுகி இருக்குது? போய்ச் சொல்லு ஒங்க அண்ணன்ட்ட."

அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தோற்றுப்போன முகம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மிச்சச் சுவரை எழுப்பி, ஷீட்டுப் போட்டு, கதவு வைத்து, வைகாசியில் வீடு மந்திரிப்பு வைத்தோம். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னார். என் கையைப் பிடித்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "இந்தக் கை உழைத்த வீடு" என்றார். பூரிப்பில் எனக்குத் தரை தெரியவில்லை.

எங்கள் பக்கம் வீடு குடிபோகும்போது சோற்றுக்கு முன்னால் கொத்தனாருக்கு மரியாதை செய்வார்கள். அவரைப் பலகை போட்டு உட்காரவைத்து, தட்டில் வேட்டி, துண்டு, தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்து, துண்டைத் தலையில் கட்டிவிடுவார்கள். அதை வாங்கிக்கொண்டு அவர் மனசார வாழ்த்தினால்தான் வீடு விளங்கும் என்பது ஐதீகம். இந்து வீடு, கிறிஸ்துவ வீடு என்று இதில் வித்தியாசம் இல்லை. கம்பெனி ஆட்கள் தட்டோடு வந்திருந்தார்கள். "கொத்தனாரக் கூப்புடுங்கப்பா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

"கொத்தனாரு நான்தான்" என்று சொல்லிவிட்டு நானே போய்ப் பலகையில் உட்கார்ந்தேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "எங்க மச்சான் கையால வாங்கணும். அவருதான் தொழில் தெரிஞ்சவரு, அவரு ஒத்துக்கிட்டாத்தான் நான் கொத்தனாரு" என்றேன். கூட்டத்தில் பின்னால் நின்றிருந்த அவரைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். அவர் தட்டை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார். குனிந்து துண்டை என் தலையில் சுற்றி முடிச்சுப் போட்டார். "நல்லா இருங்க மாப்ள, வூடு நல்லா இருக்குது" என்றார். அவர் கை சுண்ணாம்பில் வெந்து பிளந்த கை. அது என் நெற்றியில் உராய்ந்தது. என் மனைவி அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புகை என்றாள், நானும் நம்பினேன்.

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. பிள்ளை பிறந்தபோது வந்தார், ஞானஸ்நானத்துக்கு வந்தார். வந்தாலும் வாசலிலேயே நின்று பேசிவிட்டு, "போயிட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார். பொறாமை என்று என் மனைவியிடமே சொல்லியிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை.

ஏழு வருஷம் போனது. இரண்டாவது பிள்ளையும் பிறந்து, ஷீட்டுக்குக் கீழே நாலு பேருக்கு மூச்சு முட்டியது. தெற்குச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் காற்று வரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் மனைவி பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தாள்.

செங்கல்லில் ஒரு பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். அந்தக் குழியில் சூளைக்காரரின் எழுத்து இருக்கும். கொத்தனார்கள் அந்தக் குழி மேலே பார்க்கிற மாதிரி வைப்பார்கள். குழியில் சாந்து நிறைந்து மேல் கல்லைப் பிடித்துக்கொள்ளும். எனக்கு அது தெரியாது. எங்கள் தொழிலில் கம்பெனி முத்திரை எப்போதும் பொருளுக்கு அடியில்தான் இருக்கும். கப்பைத் திருப்பினால்தான் எழுத்து தெரியும். அதனால் நான் ஒவ்வொரு கல்லையும் எழுத்து கீழே போகிற மாதிரியே வைத்தேன். அதுதான் முறை என்று நினைத்தேன். ஒரு கல்லைக்கூட மாற்றி வைக்கவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

நான் உடைத்து எடுத்த முதல் கல்லுக்குக் கீழே இருந்த கல்லில் எழுத்து மேலே பார்த்திருந்தது. அதற்கு அடுத்ததிலும். அதற்கு அடுத்ததிலும். முழங்கால் உயரம் வரை உடைத்துக்கொண்டே போனேன். ஜன்னலுக்கு அவ்வளவு தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே வந்ததும் எழுத்து கீழே போய்விட்டது. அங்கே இருந்தது என் சுவர். அதற்கு மேலே மார் உயரம் வரை இருந்தது வேறு யாரோ கட்டியது.

வேறு யாரோ என்ன, யார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சுவரில் பெரிய ஓட்டையைப் போட்டுவிட்டு அதன் முன்னால் செங்கல் தூசியோடு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வந்தாள். ஓட்டையைப் பார்த்தாள், என் கையில் இருந்த கல்லைப் பார்த்தாள். பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க ரெண்டு ஷிப்ட் போயிட்டு இருந்தீங்கல்ல, அப்ப. ஆடு வந்து ஒடம்ப தேச்சுது. மேல் வரிசை பொலபொலன்னு உழுந்துடுச்சு. கையால தொட்டா மாவாட்டம் கொட்டுது. எனக்கு பயமாப் போயிடுச்சு. புள்ள பொறந்தா இதுக்கு அடியிலதானே போட்டுத் தூங்கணும்? பால்காரரு கிட்ட அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்."

"எத்தினி நாளு?"

"ரெண்டு நாளு. அவரும் ஒரு சித்தாளும். தெக்கும் மேக்கும் பிரிச்சுட்டு மறுபடி வெச்சாங்க. மத்த ரெண்டு செவுரும் வேப்பமர நெழல்ல இருந்ததால தப்பிச்சுதாம். நீங்க வெச்ச மாதிரியே இருக்கணும்னு சாந்த ஏத்தி எறக்கி வெச்சாரு. அந்தத் துருத்துன கல்லக்கூட அளந்து பாத்து அப்படியே வெச்சாரு. தெனம் காலையில தண்ணி ஊத்தும்மா, மாப்ள வரதுக்குள்ள வெயிலு குடிச்சிடும்னாரு. மேல நீங்க கட்டுனதுக்கும் நான் அப்படித்தான் ஊத்தினேன்."

"ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு என் வயித்து மேல கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாரு. மாப்ள ரோஷக்காரரு, ஆசையாக் கட்டுறாரு, அவரே கட்டுனதா இருக்கட்டும்னாரு."

நூல் பிடித்த மாதிரிச் சுவர் வைக்கிற மனுஷன், தன் கையைக் கோணலாக்கி என் கோணலைக் கட்டியிருக்கிறார். அவர் தலையில் கட்ட வேண்டிய துண்டை அவர் கையாலேயே என் தலையில் கட்டவைத்து, கூட்டத்தைக் கை தட்டவும் வைத்திருக்கிறேன். எனக்கு இன்னொன்றும் உறைத்தது.

"அப்ப தெருவுல?"

"எதுத்த வூட்டு அக்காதான் அவங்களுக்கு ரெண்டு நாளும் டீ போட்டுக் குடுத்தாங்க" என்றாள்.

ஆக, தெருவுக்கே தெரியும். ஏழு வருஷமாக நான் மார்தட்டிக்கொண்டு நடந்த தெருவில், தெரியாதவன் நான் ஒருவன்தான். "தானே வூடு கட்டுனாரே" என்று அவர்கள் சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்ததா என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். இருந்திருக்கும். நான் கவனித்ததில்லை.

என் மனைவி சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "ஒரே ஒரு தடவ அண்ணன்ட்ட போய், தெரிஞ்சுடுச்சுன்னு சொல்லிட்டு வந்துடுங்க. அன்னிக்கு அவரு துண்டக் கட்டிவுட்டதுலேர்ந்து எனக்கு அவரு மொகத்தப் பாக்க முடியல. அவருக்கும் நம்ம வூட்டுக்குள்ள கால் வெக்க முடியல. நீங்க சொல்லிட்டாப் போதும், எல்லாம் சரியாயிடும்." நிச்சயம் சொல்கிறேன் என்றேன்.

சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதலில் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அது சுலபமாக இருந்தது, அங்கே தட்டிக்குப் பின்னால் முகம் தெரியாது. "என்னிடம் சொன்னது சரி, அவரிடம் போய்ச் சொல்" என்றார் அவர். அவள் அண்ணன் அப்போது வேப்பூரில், ஹைவே ஓரத்தில் ஒரு ஓட்டல் கட்டும் வேலையில் இருந்தார். லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மச்சான், தெக்குச் செவுரு ஒங்க கை. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. அன்னிக்கு வேட்டிய நான் வாங்கினது தப்பு. மன்னிச்சுக்குங்க. நாலே வாக்கியம். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் முணுமுணுத்ததைப் பார்த்துச் செபம் சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தார்.

என்னைப் பார்த்ததும் மச்சான் சாரத்திலிருந்து இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தார். தலை நரைத்துவிட்டிருந்தது.

"வாங்க மாப்ள, வாங்க. வூட்ல எல்லாரும் சௌக்கியமா? புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுதுங்களா?"

டீ சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓட்டல் முதலாளி வந்துவிட்டார். "யாரு?" என்று கேட்டார்.

"எங்க மாப்ளங்க. பீங்கான் கம்பெனியில இருக்காரு. தன் வூட்டத் தன் கையாலயே கட்டுனவரு. நான் ஒரு கொத்தனாரு இருந்து இன்னா பிரயோசனம், என்னக் கூப்புடவே இல்ல பாத்துக்குங்க" என்று சொல்லிச் சிரித்தார். குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை. பெருமையாகத்தான் சொன்னார். சித்தாள்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"அப்படிங்களா? அஸ்திவாரத்துலேர்ந்து நீங்களேவா?" என்றார் முதலாளி.

இதுதான் இடம். இதைவிட நல்ல இடம் ஒரு மனுஷனுக்குக் கிடைக்காது. அத்தனை பேர் முன்னால் வாங்கினதை அத்தனை பேர் முன்னால் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

"ஆமாங்க" என்றேன்.

அதோடும் நிற்கவில்லை. அவர் ஆச்சரியமாகப் பார்த்த பார்வையில் எனக்குப் பழைய ருசி கண்டுவிட்டது. "மனசு வெச்சா யாரும் கட்டலாங்க. முக்கியமா செவுருக்கு வேளா வேளைக்குத் தண்ணி ஊத்தணும். அதுல மட்டும் சோம்பல் படக் கூடாது" என்று புத்திமதி வேறு சொன்னேன். என் வாயிலிருந்து வருவது என் காதுக்குக் கேட்டது. நிறுத்த முடியவில்லை.

"மாப்ள சரியாச் சொல்றாரு" என்றார் மச்சான்.

முதலாளி போனதும், "இன்னா விஷயமா வந்தீங்க மாப்ள?" என்று கேட்டார். "சும்மாதான், இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ. பஸ் வரும் வரை கூடவே நின்று, பிள்ளைகளுக்கு பிஸ்கட் வாங்கிக் கையில் திணித்து ஏற்றிவிட்டார்.

வீட்டு வாசலில் என் மனைவி காத்திருந்தாள். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"சிரிச்சாரு. அதெல்லாம் ஒண்ணுமில்லன்னாரு."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஏழு வருஷத்தில் அவள் அப்படி மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சோற்றோடு அப்பளம் பொரித்தாள். நான் குனிந்தபடியே சாப்பிட்டு முடித்தேன். அப்போதும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் செல்போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். நான் பிள்ளைக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். தடுக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையை விட்டுவிட்டேன்.

"அண்ணே, அவரு வந்து எல்லாத்தையும் ஒங்ககிட்ட சொன்னாராமே" என்றாள்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது திரும்புவாள், இப்போது கேட்பாள் என்று இருந்தேன். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படியா? ... நெஜமாவா அண்ணே? ... எங்கிட்ட ஒண்ணுமே சொல்லல."

போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க அவரு கையப் புடிச்சுக்கிட்டு அழுதீங்களாமே. அண்ணன்தான் சமாதானம் பண்ணி பஸ்ஸு ஏத்திவுட்டாராம். அடுத்த வாரம் வரேன், வூட்டுக்குள்ள ஒக்காந்து சாப்புடறேன்னு சொல்லியிருக்காரு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்க்கும் அளவுக்கு அழுதேன். வேப்பூரில் அழுததன் மிச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நான் தடவக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.